வாயில் வரும் விடை தாளில் வராதபோது

கேள்வி: நான் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியர். எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு வகுப்பாசிரியரும் நானே. மொத்தம் 43 பேர். அதில் ஒரு பையன் எனக்குப் புதிராக இருக்கிறான். பாடம் நடத்தும்போது முதல் பதில் அவனிடமிருந்துதான் வரும். கட்டபொம்மனைப் பற்றிக் கேட்டால் பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசுவான். எழுதச் சொன்னால் அரைப் பக்கம்தான், அதிலும் வரிக்கு நாலு பிழை. சத்தமாக வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டித் திணறுகிறான், வகுப்பு சிரிக்கிறது. ஒரு பயிற்சிக்குப் போன இடத்தில் டிஸ்லெக்சியா என்ற சொல்லைக் கேட்டேன். இது அதுதானா? பத்தாம் வகுப்புத் தேர்வில் இவர்களுக்குச் சலுகை உண்டாமே, அதற்கு என்ன செய்ய வேண்டும்? தமிழாசிரியனாக இருந்துகொண்டு ல, ள, ழ பிழையைக் கண்டும் காணாமல் விடுவது உறுத்துகிறது. அவனுக்கு மட்டும் விட்டுக்கொடுத்தால் மற்ற பிள்ளைகளுக்கு அநியாயம் ஆகாதா? அவனுடைய கட்டுரை நோட்டில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.
- தமிழாசிரியர், தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள தமிழய்யாவுக்கு,

கடிதத்தைவிட நீங்கள் அனுப்பிய படத்தைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘எங்கள் ஊர்’ கட்டுரை. நீங்கள் சிவப்பு மையில் சுழித்த இடங்களை எண்ணினேன், 31 வந்தது. அவன் எழுதியதே 14 வரி. ஆனால் அந்தச் சிவப்பைத் தள்ளிவிட்டு, என்ன சொல்ல வந்திருக்கிறான் என்று படித்துப் பார்த்தால், ஊர்க் குளத்தில் தண்ணீர் வற்றும்போது முதலில் வருவது கொக்கு, அப்புறம்தான் மீன் பிடிக்கிற ஆட்கள் வருவார்கள் என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் இதைக் கவனித்து எழுதுவார்கள்? அந்த வாக்கியத்திலும் ஐந்து சுழி போட்டிருக்கிறீர்கள். குறை சொல்லவில்லை. நானும் பல வருஷம் அப்படிச் சுழித்தவள்தான்.

முதலில் உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். இது டிஸ்லெக்சியாவா, அதாவது அறிவு இருந்தும் வாசிப்பதும் எழுதுவதும் கடினமாகிற கற்றல் குறைபாடா என்று ஒரு பக்கத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் பிழைகளை இனம் பிரிக்கலாம். அதற்குத் தமிழாசிரியரைவிடத் தகுந்த ஆள் இல்லை.

‘குளம்’ என்பதைக் ‘குலம்’ என்றும் ‘மழை’ என்பதை ‘மளை’ என்றும் எழுதியிருக்கிறான். இதை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். தென்மாவட்டங்களில் வாழைப்பழம் வாயில் வரும்போதே ‘வாளப்பளம்’ ஆகிவிடுகிறது. காதில் வேறுபாடு விழாத எழுத்தைக் கை எப்படி வேறுபடுத்தும்? இந்தப் பிழை உங்கள் வகுப்பில் பாதிப் பேரிடம் இருக்கும். நான் நின்று பார்த்தது வேறு இடத்தில். ‘கொக்கு’ என்று எழுத வேண்டியதை ‘கெக்கு’ என்று எழுதியிருக்கிறான், ‘தோட்டம்’ அவனுக்குத் ‘தேட்டம்’ ஆகியிருக்கிறது. ‘பட்டம்’ ஓரிடத்தில் ‘படம்’, இன்னோர் இடத்தில் ‘பட்டம’, மூன்றாவது இடத்தில் மட்டும் சரி. ஒரே பக்கத்தில் ஒரே சொல் மூன்று விதமாக வருகிறது. தவறாகக் கற்றுக்கொண்ட பிள்ளை ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்யும். இவன் ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லைப் புதிதாகக் கட்டுகிறான். அதைத்தான் கவனிக்க வேண்டும்.

கொம்பு விஷயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ‘கெ’ என்று சொல்லும்போது முதலில் க் வருகிறது, பிறகு எ. எழுதும்போதோ எகரத்தின் கொம்பை முதலில் போட்டுவிட்டுத்தான் ககரத்துக்கு வருகிறோம். ‘கொ’ இன்னும் மோசம். ஒரே ஒலிக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் எழுத்து. நமக்குப் பழகிப்போனதால் இது ஒரு வேலையாகவே தெரிவதில்லை. ஒலியைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில்தான் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்குச் சிக்கல். அவர்கள் முன்கொம்பைப் போட்டு, எழுத்தைப் போட்டு, காலை மறந்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள். புள்ளி விடுபடுவதும், இரட்டித்த ஒற்று ஒற்றையாவதும், குறில் நெடில் மாறுவதும் அதே கணக்குத்தான். தமிழைப் பெரும்பாலும் எழுத்தைப் பார்த்தே வாசித்துவிடலாம், ஆங்கிலம் போல ஏமாற்றாது. அதனால் இந்தச் சிக்கல் நம் பிள்ளைகளிடம் தப்பும் தவறுமான வாசிப்பாக இல்லாமல், மெதுவான, மூச்சு வாங்குகிற வாசிப்பாகவே அதிகம் வெளிப்படும். ஆங்கில நோட்டையும் வாங்கிப் பாருங்கள், அங்கே நிலைமை இன்னும் கடினமாக இருக்கும்.

வேறு காரணங்களையும் தள்ளிப் பார்க்க வேண்டும். கண், காது சோதனை செய்தார்களா? இன்னொன்று, நாம் சீக்கிரம் மறந்துவிட்ட ஒரு சங்கதி. 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிகள் தொடக்க வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் எழுத்து கைக்குப் பழக வேண்டிய வயதில் வீட்டில் இருந்தவர்கள். அந்த இடைவெளியால் பின்தங்கிய பிள்ளையை உட்காரவைத்து ஒரு பருவம் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தால் மளமளவென்று ஏறிவிடும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை அதே உழைப்புக்கு மெல்லத்தான் நகரும். ஆகவே எதையும் செய்யாமல் ‘சோதனைக்கு அனுப்பிவிட்டேன்’ என்று காத்திருக்க வேண்டாம். சொல்லிக் கொடுத்துப் பார்ப்பதே ஒரு சோதனைதான்.

இந்த நிலை புதிதல்ல. இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் 1896இல் பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். கணக்கில் கெட்டி, விளையாட்டில் சுறுசுறுப்பு. வாசிக்க மட்டும் வரவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றிப் ‘பிரெசி’ என்று எழுதினான், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சுட்டிக்காட்டும்வரை தவறு அவன் கண்ணில் படவில்லை. அவனுடைய ஆசிரியர் சொன்னாராம், பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று. நீங்கள் எனக்கு எழுதியிருப்பதும் அதேதான், அய்யா. நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்தும், முதலில் கண்டுபிடிக்கிறவர் வகுப்பு ஆசிரியராகத்தான் இருக்கிறார்.

சரி, நீங்கள் அதிகம் கேட்டிருப்பது பத்தாம் வகுப்புச் சலுகை பற்றி. சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நான் சிறப்புக் கல்விக்கு வந்த புதிது. வாய்மொழியில் கெட்டியான பெண். ஓடியாடிச் சான்றிதழ் வாங்கினோம், சொல்வதை எழுதுபவருக்கும் கூடுதல் நேரத்துக்கும் அனுமதி வந்தது, எல்லோருக்கும் நிம்மதி. தேர்வன்று தனி அறை. பக்கத்தில் முன்பின் பார்த்திராத ஓர் ஆசிரியை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ‘சொல்லும்மா’ என்றார். இந்தப் பெண்ணால் சரியாக வாய் திறக்க முடியவில்லை. பிறகு என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள்: ‘மிஸ், எங்க நிறுத்தணும்னு தெரியல. நான் சொல்றதுக்குள்ள அவங்க எழுதி முடிச்சிட்டு என்னையே பாக்குறாங்க.’ மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். அவள் இரண்டு மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டாள். தப்பு அவளுடையதல்ல, என்னுடையது. சலுகையை வாங்கிக் கொடுத்தேன், பழக்கிக் கொடுக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், பத்தாம் வகுப்பு மார்ச் மாதத்தில் கிடைக்கிற சலுகை எட்டாம் வகுப்பில், உங்கள் வகுப்புத் தேர்வில் தொடங்க வேண்டும். உங்களிடம் இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. அது போதும்.

வாரத்தில் ஒரு நாள், இடைவேளையில் பதினைந்து நிமிடம் போதும். ஒரு நெடுவினா கொடுங்கள். அவன் சொல்ல, நீங்கள் எழுதுங்கள். முதல் நாளே ஒரு சிக்கல் வரும், அது தமிழுக்கே உரிய சிக்கல். அவன், ‘கட்டபொம்மன் வரி கட்ட மாட்டேன்னுட்டாரு, அதான் வெள்ளக்காரனுக்குக் கோவம்’ என்பான். நீங்கள் அதை எழுத்துத் தமிழாக மாற்றி எழுதிவிடுவீர்கள், கை தானாகச் செய்யும். தேர்வறையில் எழுதித் தருபவர் அப்படித் திருத்தக் கூடாது. சொன்னதைத்தான் எழுத வேண்டும். ஆக, அவன் பேச்சுத் தமிழில் யோசித்து, எழுத்துத் தமிழில் வாய்விட்டுச் சொல்லப் பழக வேண்டும். ‘கட்டபொம்மன் வரி கட்ட மறுத்தார். அதனால் ஆங்கிலேயர் சினம் கொண்டனர். முற்றுப்புள்ளி. அடுத்த பத்தி.’ இப்படி. மேடைப் பேச்சுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்பவர்தானே நீங்கள், இது அதில் பாதி வேலைகூட இல்லை. சொல்லி முடித்ததும், ‘எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க’ என்று கேட்கவும், ‘இந்த வரியை அடிச்சிடுங்க’ என்று சொல்லவும் பழக்குங்கள். முன்பின் தெரியாத பெரியவரிடம் இதைச் சொல்லக் கூச்சம் போகவே ஒரு வருஷம் ஆகும். ஒன்பதாம் வகுப்பில் எழுதுகிற ஆளை மாற்றுங்கள், பழகாத ஆசிரியராக இருக்கட்டும்.

அவனுக்கு எழுதித் தருபவர் தேவைப்படாமலும் போகலாம். பலருக்குக் கூடுதல் நேரமும், வினாவை யாராவது ஒரு தடவை வாசித்துக் காட்டுவதுமே போதுமானதாக இருக்கும். எது பொருந்தும் என்பதும் இந்தப் பழக்கத்தில்தான் தெரியவரும்.

இப்போது காகித வேலைக்கு வருகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 21 வகைகளைக் குறிப்பிடுகிறது. கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. அதன் 16ஆவது பிரிவு, இந்தக் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து ஏற்ற கற்பித்தல் முறைகளைக் கையாளும்படி கல்வி நிறுவனங்களிடம் சொல்கிறது. 17ஆவது பிரிவில்தான் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு எல்லாம் வருகின்றன. ஆக இதைச் சலுகை என்று நாமெல்லாம் வாய்ப்பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, சட்டப்படி அது உரிமை. தலைமையாசிரியர் தயங்கினால் இந்த இரண்டு பிரிவு எண்களையும் சொல்லுங்கள். எண்ணுக்கு ஒரு மரியாதை உண்டு.

சான்றிதழுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தை மருத்துவர் பார்ப்பார், உளவியலாளர் நுண்ணறிவுச் சோதனையும் வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகளும் வைப்பார். வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகளுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைப் பயன்படுத்தும்படி ஒன்றிய அரசின் 2018 வழிகாட்டுதல் சொன்னது. ஒரே நாளில் முடியும் என்று நினைக்க வேண்டாம். சான்று 8 வயதுக்கு மேல்தான், 14இலும் 18இலும் மறுபடி பார்க்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. 2024இல் விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். உங்கள் பையன் பதினான்கை நெருங்குகிறவன். ஆகவே, ‘இந்தச் சான்று பத்தாம் வகுப்பு மார்ச் வரை செல்லுமா?’ என்று மருத்துவமனையிலேயே கேட்டு வாங்குங்கள். தேதி தீர்ந்துபோன சான்றோடு ஜனவரியில் அலைகிற பெற்றோரை வருஷா வருஷம் பார்க்கிறேன். போகும்போது வெறும் கையோடு அனுப்பாதீர்கள். மூன்று பாட நோட்டுகளின் நகல், நீங்கள் எழுதிய அரைப் பக்கக் குறிப்பு ஆகியவை இருந்தால் உளவியலாளருக்குப் பாதி வேலை மிச்சம். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார், அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழி அவருக்குத் தெரியும்.

பிறகு பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போகும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், சொல்வதை எழுதுபவர் கிடைப்பார், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் கேட்கலாம். சிபிஎஸ்இயில் மணிக்கு 20 நிமிடக் கணக்கு, மூன்று மணி நேரத் தேர்வுக்கு அதுவும் ஒரு மணி நேரம்தான். எதெது வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். மொழி விலக்கை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். அடுத்து என்ன படிக்கப் போகிறான், எங்கே எந்த மொழித் தாளைக் கேட்பார்கள் என்று விசாரித்துவிட்டுக் குடும்பத்தோடு பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. பாஸ் ஆகிவிடலாம் என்ற ஒரே காரணத்துக்காக எடுத்துவிட்டுப் பிறகு வருந்தியவர்கள் உண்டு.

பெற்றோரிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உண்மையில் கஷ்டமான இடம் அதுதான். ‘மாற்றுத்திறனாளிச் சான்றிதழ்’ என்று ஆரம்பித்தால், ‘எம்புள்ள நல்லாத்தான சார் இருக்கான்’ என்று அந்த அம்மா எழுந்து போய்விடுவார். கொக்கு வாக்கியத்தில் ஆரம்பியுங்கள். அதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறகு, இவ்வளவு தெரிந்த பையனுக்குக் கையில் அது இறங்க மாட்டேன் என்கிறது, அதற்கு உதவி இருக்கிறது என்று சொல்லுங்கள். அப்பா கூட வந்திருந்தால் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து பாருங்கள். இது குடும்ப வழியில் வரக்கூடிய ஒன்று. ‘எனக்கும் இப்படித்தான் சார், எட்டாவதோட நின்னுட்டேன். வாத்தியார் அடிப்பாரு’ என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்ன அப்பாக்களை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சந்தித்திருக்கிறேன். அப்படி ஒருவர் வாய் திறந்துவிட்டால் அப்புறம் நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. அவரே பையனை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போவார்.

வகுப்பறையில் முதலில் நிறுத்த வேண்டியது ஒன்று உண்டு. ஆளுக்கொரு பத்தி என்று வரிசையாக வாசிக்கச் சொல்வதை. தன் முறை வருவதற்குள் இந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் தெரியுமா? முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி, தனக்கு எந்தப் பத்தி வரும் என்று கணக்குப் போட்டு, அதை மட்டும் மனப்பாடம் செய்ய முயல்வார்கள். பாடம் காதில் ஏறாது. நடுவில் ஒருவன் வராமல் போய்க் கணக்கு ஒன்று தள்ளிவிட்டால் அவ்வளவுதான். இவனை வாசிக்கவே விடாதீர்கள் என்று சொல்லவில்லை. நாளைக்கு இந்த நான்கு வரி உனக்கு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வீட்டில் ஒருமுறை படித்துவிட்டு வந்து வாசிக்கட்டும். சிரிக்கிறவர்களுக்குச் சிரிக்க ஒன்றும் இருக்காது.

வாசிப்புப் பயிற்சிக்கு உங்கள் கையிலேயே ஒரு கருவி இருக்கிறது. அலகிடச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் அல்லவா? நேர், நிரை என்று வாய்பாட்டுக்குப் போக வேண்டாம், அசை பிரிப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘சுற்றுச்சூழல்’ என்ற சொல் அவன் கண்ணுக்கு முட்டுச்சுவர். சுற் - றுச் - சூ - ழல் என்று பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொரு அசைக்கும் மேசையில் ஒரு தட்டுத் தட்டி வாசிக்கச் சொல்லுங்கள். எழுதும்போதும் அப்படியே, அசையை வாயால் சொல்லிக்கொண்டே கையால் எழுத வேண்டும். கண், வாய், காது, கை எல்லாம் ஒரே எழுத்தில் சேரும் இந்த முறையைத்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் உலகமெங்கும் வேறு வேறு பெயர்களில் செய்கிறார்கள். நம்மிடம் மணலில் விரலால் எழுதிய திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்தது, அங்கேயும் பிள்ளைகள் சத்தமாகச் சொல்லிக்கொண்டேதான் எழுதினார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிரம்பை மட்டும் திரும்பக் கொண்டுவர வேண்டாம்.

பிரம்பு என்றதும் இம்போசிஷன் நினைவுக்கு வருகிறது. முன்பு நான் சாதாரண வகுப்பாசிரியையாக இருந்தபோது, ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று எழுதிய ஒருவனுக்கு ஐம்பது தடவை எழுதச் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் கொண்டுவந்தான். முதல் பத்து வரி சரி. அதற்குக் கீழே எழுத்துகள் ஒரே நேர்க்கோட்டில், ஏதோ அளவுகோல் வைத்ததுபோல. பிறகுதான் புரிந்தது, மேலிருந்து கீழாக முதலில் ‘ப’ மட்டும், அடுத்து ‘ள்’ மட்டும், அடுத்து ‘ளி’ என்று எழுதியிருக்கிறான். இருபதுக்குப் பக்கத்தில் ‘ளி’ போடுவதை விட்டுவிட்டதில் அதற்குக் கீழே முழுக்கப் ‘பள்’ என்று நின்றுவிட்டது. முதல் பத்து வரிக்குப் பிறகு அவன் ஒரு தடவைகூட அந்தச் சொல்லை எழுதவில்லை. நான் கொடுத்தது எழுத்துப் பயிற்சி என்று நினைத்தேன், அவன் செய்தது கோலம் போடுகிற வேலை. அதிலிருந்து நான் இம்போசிஷன் கொடுப்பதை விட்டேன்.

இப்போது உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். பிழையைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை. எந்தப் பிழையை, எப்போது என்பதுதான் கேள்வி. கட்டுரைக்கு இரண்டு மதிப்பெண் போடுங்கள், சொன்ன பொருளுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, தனித்தனியாக. அந்தக் கொக்கு வாக்கியத்துக்கு முதலாவதில் நிறையவே கிடைக்கும், இரண்டாவதில் குறையும். குறையட்டும், அது உண்மைதானே. ஆனால் இரண்டாவது வந்து முதலாவதைத் தின்னக் கூடாது. சமூக அறிவியல் தாளிலும் அறிவியல் தாளிலும் இரண்டாவதே வேண்டாம். ஒளிச்சேர்க்கை தெரியுமா என்று கேட்கிற வினாவுக்கு ளகரம் தெரியுமா என்று மதிப்பெண் போடுவதில் நியாயமில்லை. இதை மற்றப் பாட ஆசிரியர்களிடம் நீங்கள் சொன்னால் எடுபடும். தமிழய்யாவே சொல்கிறாரே என்பார்கள்.

திருத்தும்போது முப்பத்தொரு சுழி வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஓர் இனம் மட்டும் எடுங்கள். இப்போதைக்கு ல, ள வேண்டாம், அது காதுப் பிரச்சினை, மெல்ல வரும். ஒகர, ஓகாரக் கால் விடுபடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘எழுதி முடிச்சதும் கொம்பு இருக்கிற இடமெல்லாம் திரும்பிப் பார், கால் வேணுமான்னு வாயால சொல்லிப் பார்’ என்று சொல்லிவிட்டு, அதை மட்டும் திருத்துங்கள். சிவப்பு மை வேண்டாமே, பென்சில் போதும்.

கரும்பலகையைப் பார்த்து எழுதுவது இவர்களுக்குப் பெரிய பாடு. ஒவ்வொரு எழுத்துக்கும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும், அதற்குள் நீங்கள் அழித்துவிடுவீர்கள். பக்கத்துப் பையனின் நோட்டை நகலெடுத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக் கைப்பேசிக்குப் படமாக அனுப்புங்கள். கைப்பேசியில் எழுத்தை வாசித்துக் காட்டும் வசதி தமிழுக்கும் இருக்கிறது, பாடத்தைக் காதால் படிக்கட்டும். காதால் படிப்பது குறுக்குவழி இல்லை, நம் முன்னோர் அதைச் செவிச்செல்வம் என்றார்கள், உங்களுக்கு நான் குறள் சொல்ல வேண்டியதில்லை. வினாத்தாள் தயாரிக்கும்போது எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, வரிகளுக்கு இடையே இடம் விட்டு, புணர்ந்து நீண்ட சொற்களைப் பிரித்து எழுதினால் 43 பேருக்குமே நல்லதுதான். வண்ணக் கண்ணாடித் தாள், விசேஷ எழுத்துரு என்றெல்லாம் யாராவது விற்க வந்தால் பணத்தை முடிந்துவைத்துக்கொள்ளுங்கள். அவற்றால் பலன் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

மற்ற பிள்ளைகளுக்கு அநியாயமா என்று கேட்டீர்கள். வாதம் வேண்டாம், ஒரு வேலை செய்து பாருங்கள். அடுத்த வகுப்புத் தேர்வில் எல்லோருக்கும் கூடுதலாகக் கால் மணி நேரம் கொடுங்கள். மணி அடித்ததும் எல்லோரும் விடைக்கு அடியில் ஒரு கோடு போட்டுவிட்டுத் தொடரட்டும். திருத்தும்போது கோட்டுக்குக் கீழே பாருங்கள். விடை தெரியாதவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தெரிந்து, எழுதவும் வருகிறவர் ஏற்கெனவே முடித்திருப்பார், தலைப்புக்கு அடிக்கோடு போடுவார். நேரம் யாருக்கும் விடையைக் கொடுப்பதில்லை, ஏற்கெனவே இருப்பதை வெளியே எடுக்கத்தான் விடுகிறது. உங்கள் பையனின் தாளில் கோட்டுக்குக் கீழே ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் இரண்டு மூன்று பேர் தாளிலும் வந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளைகளில் இவனைப் போன்றவர்கள் இருக்கக்கூடும், பேச்சுத் திறமையால் இவன் உங்கள் கண்ணில் பட்டான், அவர்கள் படவில்லை. குறிப்பாகப் பெண் பிள்ளைகளைக் கவனியுங்கள், அழகான கையெழுத்தில் பார்த்து எழுதிவிட்டு அமைதியாக இருந்துவிடுவார்கள்.

மேற்கொண்டு பயிற்சி வேண்டுமென்றால், சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1990களிலிருந்து இந்த வேலையைச் செய்கிறது, ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். ஆனால் பயிற்சி முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், மேலே வகுப்பறைக்கென்று சொன்னதில் எதற்கும் சான்றிதழ் தேவையில்லை.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ‘எங்கள் ஊர்’ கட்டுரையையே மறுபடி கொடுங்கள். இந்தத் தடவை அவன் சொல்ல, நீங்கள் எழுதுங்கள், ஒரு சொல்லையும் மாற்றாமல். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கொக்குக்குப் பிறகு அந்தக் குளத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.